வீட்டுத் தூய்மைப் பொருள்களை வீட்டிலேயே செய்துகொள்ளுதல்

கிராம வாழ்வு உயர வேண்டுமென்று பேசும்போது நாம் சாலை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகிய பெரிய காரியங்களையே முதலில் எண்ணுகிறோம். அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் நலம் அதன் அடுக்களையிலும் திண்ணையிலும் சலவைக் கல்லிலுமே பெரிதும் அடங்கியிருக்கிறது. பாத்திரம் துலக்கவும், தரை மெழுகவும், துணி வெளுக்கவும் மாதந்தோறும் செலவாகும் பணம் சிறிது சிறிதாகக் கரைவதால் யாரும் கணக்கில் வைப்பதில்லை. பன்னிரண்டு மாதத்துச் செலவைக் கூட்டிப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்பது விளங்கும்.

இப்பொருள்களிற் பலவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். எவற்றைச் செய்யலாம், எவ்வாறு செய்யலாம், எவற்றைச் செய்தலாகாது என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக ஆரணியையே கொள்கிறோம். அதற்குத் தக்க காரணமும் உண்டு.

ஆரணியில் ஏன் இது தனிக் கேள்வியாகிறது?

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். 1989ஆம் ஆண்டில் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. நகரில் மட்டுமன்றிச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் நெசவு நடைபெறுகிறது. இங்கே நெசவாளர் பலருக்குத் தறிக்கூடம் வேறு, வீடு வேறு அன்று. கூடத்தின் நடுவில் தறி; அதன் ஒரு பக்கம் அடுப்பு; மறுபக்கம் குழந்தையின் தூளி. ஆண் தறியில் அமர, பெண் தார் சுற்ற, முதியவர் நூலைப் பிரிக்க, இவ்வாறு குடும்பம் முழுதும் ஒரே கூரையின் கீழ் உழைக்கிறது. ஆதலின் வீட்டைத் துடைக்கும் நீரே தறியின் அடியிலும் ஓடுகிறது. தரைக்கு நல்லதாயிருக்கும் ஒரு பொருள் பட்டுக்குக் கேடாயிருக்கக்கூடும்.

இதனை நாம் நூலிற் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நம் தவறு ஒன்றினாலேயே தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆரணிப் பகுதியில் ஒரு சிற்றூரில் வயிற்றுப்போக்கு பரவியது. நாம் அவ்வூருக்குச் சென்று சுகாதாரத்தைப்பற்றிப் பேசினோம். வெளுப்புத் தூளைக் கரைத்து வீடுகளைத் துடைக்க வேண்டுமென்று வற்புறுத்தினோம். ஒரு நெசவாளர் வீட்டு மருமகள் நம் சொல்லைக் கேட்டு, அன்று மாலையே வீடு முழுவதையும் கழுவித் துடைத்தாள். தறியின் கீழ்ப்பகுதியைத் துடைக்கையில் சில துளிகள் பாவின்மீது தெறித்தன. அவள் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் நெய்யும்போது அவ்விடத்தில் இழைகள் ஒவ்வொன்றாய் அறுந்தன. பாவு முதலாளியுடையது, கூலியில் பிடித்தம் ஏற்பட்டது. நாம் மறுபடி சென்றபோது அவ்வீட்டுப் பெரியவர் சினந்து பேசவில்லை. “ஐயா, பட்டும் நம் தலைமயிரும் ஓரினம். தோலுக்கு எது ஆகாதோ அது பட்டுக்கும் ஆகாது. இதை முன்னமே எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே” என்றார்.

அவர் கூற்று விஞ்ஞான முறைப்படியும் சரியே. பட்டு, கம்பளி, மயிர் ஆகிய மூன்றும் புரதப் பொருள்கள். வெளுப்புத் தூளிலுள்ள குளோரின் புரதத்தைச் சிதைத்துவிடும். காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரமும் அவ்வாறே. பருத்தித் துணி ஓரளவு பொறுத்துக்கொள்ளும், பட்டு பொறுத்துக்கொள்ளாது. நாம் சொன்னது தவறான செய்தியன்று. ஆனால் யாருக்குச் சொல்கிறோம், அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாராமல் சொன்னதே தவறு. அன்று முதல் எந்த ஊருக்குச் சென்றாலும் முதலில் கேட்டறிந்த பின்னரே பேசுவது என்னும் வழக்கத்தை மேற்கொண்டோம்.

அழுக்கின் தன்மை

அழுக்கு எல்லாம் ஒன்றன்று. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு வகை. இதற்குச் சோப்பு, சோடா, பூந்திக்கொட்டை போன்றவை வேண்டும். ஒட்டிக் காய்ந்தவையும் கரியும் ஒரு வகை. இவற்றிற்குத் தேய்க்கும் பொருள் வேண்டும். பித்தளையின் களிம்பும் உப்புத் தண்ணீரின் வெண்படிவும் ஒரு வகை. இவற்றிற்குப் புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள் வேண்டும். நோய்க் கிருமி நான்காவது வகை; இது கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் மூன்றுக்கும் உரிய பொருள்களை வீட்டிற் செய்துகொள்ளலாம். நான்காவதற்கு வீட்டுச் சரக்கை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

ஆரணி நெசவாளருக்கு இவ்வறிவு புதிதன்று. கூட்டிலிருந்து வரும் கச்சாப் பட்டின்மீது செரிசின் என்னும் பசை படிந்திருக்கும். இது நூலின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இருக்கும். நூலைச் சோப்பும் சோடாவும் அளவாக இட்ட வெந்நீரில் வேகவைத்து இப்பசையை நீக்கிய பின்னரே பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வருகின்றன. சாயமும் நன்கு ஏறுகிறது. காரம் குறைந்தால் பசை போகாது. மிகுந்தால் நூலே கெடும். அளவறிந்து காரத்தைக் கையாளும் இத்திறமைதான் வீட்டுத் தூய்மைப் பொருள் செய்வதற்கும் வேண்டுவது.

பூந்திக்கொட்டை நீர்

பட்டுக்கும் கம்பளிக்கும் நகைக்கும் நம் முன்னோர் பூந்திக்கொட்டையையே பயன்படுத்தினர். இதன் தோலில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. இதற்குக் காரத்தன்மை இல்லாமையால் பட்டு கெடுவதில்லை.

செய்முறை வருமாறு: 100 கிராம் கொட்டையை உடைத்து விதையை நீக்கித் தோலை மட்டும் எடுத்துக்கொள்க. ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் அந்நீரோடு இருபது நிமிடம் சிறு தீயிற் கொதிக்கவிடுக. ஆறியபின் கையாற் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டுக. இது மூன்று நான்கு நாளைக்குக் கெடாதிருக்கும், அதன்பின் புளித்துவிடும். ஆகவே வேண்டும் அளவே செய்தல் நலம். பட்டுச் சேலை துவைக்க ஒரு வாளித் தண்ணீரில் ஓர் ஆழாக்கு நீர் போதும். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். முறுக்கிப் பிழிதல் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். புதிய சேலையாயின் சாயம் இறங்குகிறதா என்று ஒரு மூலையில் முதலிற் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்நீர் கண்ணிற் பட்டால் மிகவும் எரியும். அன்றியும் சப்போனின் மீனுக்கு நஞ்சு. பூந்திக்கொட்டை நீரைக் குளத்திலோ மீன் வளர்க்கும் குட்டையிலோ கொட்டுதல் தகாது. இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

பாத்திரம் துலக்கும் தூள்

ஆரணியில் அரிசி ஆலைகள் மிகுதி. ஆலைகளில் உமியை எரித்த சாம்பல் ஏராளமாகக் கிடைக்கிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உண்டு. அதனால் அது பிசுக்கையும் நீக்கும். உமிச் சாம்பலோ பெரும்பாலும் சிலிக்கா என்னும் மணற்சத்தால் ஆனது. அது நன்கு தேய்க்கும், ஆனால் பிசுக்கைத் தானே கரைக்காது. இவ்வேற்றுமையை அறிந்து கலந்தால் நல்ல தூள் கிடைக்கும்.

நன்றாகச் சலித்த உமிச் சாம்பல் 700 கிராம், சீகைக்காய்த் தூள் 200 கிராம், சலவைச் சோடா 100 கிராம் ஆகியவற்றைக் கலந்து ஈரம் புகாத டப்பாவில் வைத்துக்கொள்க. எவர்சில்வர், இரும்புப் பாத்திரங்களுக்கு இது ஏற்றது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துக் கறுக்கச் செய்யுமாதலால், அதற்குச் சோடா சேர்க்காத தூளைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லுக்கு இத்தூள் ஆகாது, பூச்சு கீறிப்போகும்.

சாம்பலைச் சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்ள வேண்டும். நுண்ணிய மணற்சத்துத் தூசி நாட்பட மூச்சில் புகுந்தால் நுரையீரலுக்குக் கெடுதி. சிறிது நீர் தெளித்துச் சலித்துப் பின் உலர்த்திக்கொள்வது இன்னும் நல்லது. தறி இருக்கும் கூடத்தில் இவ்வேலையைச் செய்தலே கூடாது.

பித்தளை, செம்பு, கண்ணாடி

பித்தளைக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் புளியும் கல்லுப்பும் போதும். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. உப்பு அதற்குத் துணை செய்கிறது. துலக்கியவுடன் நல்ல நீரிற் கழுவித் துணியால் ஈரமின்றித் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் மறுநாளே மீண்டும் களிம்பு ஏறும். கண்ணாடிக்கும் குழாயில் படியும் வெண்மைக்கும் எலுமிச்சைச் சாறு ஒரு பங்கும் நீர் இரண்டு பங்கும் கலந்து துடைக்கலாம். சிமெண்டுத் தரையிலும் சலவைக்கல் தரையிலும் புளிப்புப் பொருளை ஊற்றக்கூடாது. இவற்றிலுள்ள சுண்ணாம்பை அமிலம் அரித்துத் தரையைச் சொரசொரப்பாக்கிவிடும்.

ஆப்பச் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கி நுரைப்பதைக் கண்டு அது மிகுந்த சக்தியுள்ளது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் எஞ்சுவது பெரும்பாலும் உப்பு நீரே. தனித்தனியே பயன்படுத்தினால்தான் இரண்டாலும் பயன் உண்டு.

துணி துவைக்கும் சோப்பு

எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாக மாறுவதன் உண்மையைப் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் செவ்ரல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்து விளக்கினார். நம் நாட்டில் வேம்பு, புங்கம், இலுப்பை முதலிய உண்ணத்தகாத எண்ணெய்களிலிருந்து சோப்புச் செய்தல் கிராமக் கைத்தொழில்களில் ஒன்றாக ஏற்கப்பட்டுக் காதி, கிராமத் தொழில்கள் ஆணைக்குழுவால் வளர்க்கப்பட்டது. அவ்வாணைக்குழு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1957இல் அமைந்தது.

ஓர் உண்மையை ஒளியாமற் சொல்லிவிடுகிறோம். கடையில் புதிய தேங்காய் எண்ணெய் வாங்கிச் சோப்புச் செய்தால் செலவு குறையாது. கடைச் சோப்பே மலிவாயிருக்கும். பயன்படுத்திய எண்ணெய் கிடைத்தால்தான் ஆதாயம். ஆரணிப் பகுதி வேர்க்கடலை விளையும் பூமி. பலகாரக் கடைகளிலும் திருமண வீடுகளிலும் பொரித்து மிஞ்சிய கடலை எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி உண்பது உடலுக்குத் தீது. சாக்கடையிற் கொட்டினால் அடைப்பு ஏற்படும். அதனைச் சோப்பாக்குவதே தக்க வழி.

அளவு வருமாறு: வடிகட்டிய பழைய கடலை எண்ணெய் 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 140 கிராம், தண்ணீர் 350 மில்லி. எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும், கைத்திட்டம் உதவாது. எண்ணெய்க்கு எண்ணெய் காரத்தின் அளவு மாறும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராமும், கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 136 கிராமும் காஸ்டிக் சோடா வேண்டும். மேற்கூறிய கலவைக்குக் கணக்குப்படி 150 கிராம் ஆகும். காரம் மிஞ்சிக் கையைப் புண்ணாக்காதிருக்கவே சிறிது குறைத்து 140 கிராம் என்று கூறினோம்.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக் சோடாவின்மீது ஒருபோதும் ஊற்றலாகாது. ஊற்றினால் சூடேறிக் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரமே பயன்படுத்த வேண்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்து, தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும். ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, வெளித் திண்ணையில், குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாத இடத்தில் செய்ய வேண்டும். கரைசலும் எண்ணெயும் வெதுவெதுப்பாகும் வரை ஆறியபின், கரைசலை எண்ணெயில் ஊற்றி, கூழ்ப் பதம் வரும்வரை மரக்கோலால் ஒரே சீராகக் கிளறுக. பின் அச்சில் ஊற்றி மூடி வைத்து, இரண்டு நாள் கழித்துத் துண்டாக்கி, நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருந்து பயன்படுத்துக. காரம் தோலிற் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணிற் பட்டால் பதினைந்து நிமிடத்திற்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இச்சோப்பு பருத்தித் துணிக்கு உரியது. பட்டுக்கு வேண்டாம், பூந்திக்கொட்டையே அதற்குப் போதும். கிணற்று நீர் உப்பாயிருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். அப்போது வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி சலவைச் சோடா முதலிற் கரைத்துக்கொண்டால் சோப்பு வீணாகாது.

நோய்க் காலத்தில் செய்ய வேண்டுவன

எலுமிச்சைத் தோல் ஊறல், பூந்திக்கொட்டை நீர், சாணம் ஆகியவை காலரா போன்ற நோய்க் கிருமிகளை ஒழிக்கும் என்று நம்பியிருத்தல் ஆபத்து. வீட்டில் வயிற்றுப்போக்குக் கண்டால் முதலில் சோப்பு நீரால் தரையைக் கழுவி, பின்னர் வெளுப்புத் தூள் கரைசலால் துடைக்க வேண்டும். 1847இல் வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கரைசலில் மருத்துவர்களைக் கை கழுவச் செய்து தாய்மாரின் மரணத்தைப் பெரிதும் குறைத்தார். குளோரினின் பயனை உலகம் நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறது.

நல்ல வெளுப்புத் தூள் 30 கிராமைப் பத்து லிட்டர் நீரிற் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்துத் துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். கரைசலை அன்றன்று புதிதாகச் செய்ய வேண்டும். தறி உள்ள வீட்டில் பாவை முழுதும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, வாளியைத் தறிக்கு அப்பால் வைத்து, பிழிந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். தெளித்தலும் வீசி ஊற்றுதலும் கூடாது. தறியின் கட்டைகளையும் குழியின் ஓரத்தையும் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுக. நாம் அன்று சொல்லாமல் விட்டது இதுதான்.

வெளுப்புத் தூளையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் எக்காரணம் கொண்டும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் நச்சுவாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜிய நாட்டில் ஈப்ர என்னும் ஊரில் போர்க்கருவியாக ஏவப்பட்ட வாயு இதுவே. மூடிய சிறு கழிப்பறையில் இது உயிருக்கே உலை வைக்கும். மேலும் எந்தத் திரவத்தையும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். தாகமெடுத்த குழந்தைக்குப் புட்டியின் உருவம் மட்டுமே தெரியும், உள்ளிருப்பது தெரியாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தின்படி ஊராட்சிகளுக்கு உரியனவாகக் கொள்ளத்தக்க 29 பொருள்களில் சுகாதாரமும் கிராமத் தொழில்களும் அடங்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராமசபையில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்று பாத்திரத் தூளும் பூந்திக்கொட்டை நீரும் செய்து காட்டட்டும். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய இக்குழுக்களுக்குக் கூட்டாக வாங்கிப் பகிரும் பழக்கம் முன்னமே உண்டு. சோப்புச் செய்வதாயின் ஒவ்வொரு வீடும் காஸ்டிக் சோடா வாங்கி வைப்பதைவிட, பயிற்சி பெற்ற இருவர் ஓரிடத்தில் செய்து பகிர்ந்துகொள்வதே பாதுகாப்பானது. குளியல் சோப்பாக விற்க எண்ணுவோர் அதற்குரிய உரிமத்தை முன்னதாகப் பெற வேண்டும்.

பாத்திரமும் துணியும் கழுவிய நீரைத் தெருவில் விடாமல் வாழை, சேம்பு ஆகியவற்றின் பாத்தியில் விடலாம். ஆனால் வெளுப்புத் தூள் கலந்த நீரும் சோடா மிகுந்த நீரும் பயிருக்கு ஆகா. அவற்றை உறிஞ்சு குழியில் விடுக.

கணக்கும் எழுத வேண்டும். ஒரு மாதம் கடைப்பொருளுக்கு ஆன செலவையும், மறுமாதம் வீட்டுப் பொருளுக்கு ஆன செலவையும் நேரத்தையும் எழுதி ஒப்பிடுக. மிச்சமாவதை மட்டும் வீட்டிற் செய்க. மற்றதைக் கடையிலேயே வாங்குக. சிக்கனம் என்பது எல்லாவற்றையும் தானே செய்வதன்று. எதைச் செய்வது பயன் தரும் என்று அறிந்து செய்வதே.

முன்னர்க் கூறிய நெசவாளர் வீட்டுக்கு இப்போதும் நாம் செல்வதுண்டு. கூடத்தின் மூலையில் பூந்திக்கொட்டை நீர்ச் சட்டி ஒன்று இருக்கிறது. வெளுப்புத் தூள் டப்பா வெளித் திண்ணையில், மேல் மாடத்தில், மூடியோடு இருக்கிறது. அதனை அங்கே வைத்தவர் அம்மருமகளே. இப்போது அத்தெருவில் எவர் வீட்டிலாவது நோய் கண்டால், முதலிற் சென்று பாவை மூடச் சொல்பவரும் அவரே. நம் சொற்பொழிவைவிட அவர் சொல்லுக்கே அத்தெருவில் மதிப்பு மிகுதி, அது நியாயமே. ஒவ்வோர் ஊரிலும் இத்தகையோர் ஒருவரையேனும் கண்டு, அவரை முன்னிறுத்தி இப்பணியைத் தொடங்குமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.